நீர்வர்ணத்தில் ஹவாய் மலர்கள்

மாணவர்களே, நீர்வர்ணத்தில் ஒவ்வோர் இதழுக்கும் எல்லைக்கோடு கீற வேண்டியதில்லை. நீரே வர்ணத்தைப் பரப்பும். எனினும் மலரின் அமைப்பை அறிந்த பின்னரே தூரிகையை எடுக்க வேண்டும். ஹவாய்த் தீவுகளுக்கே உரிய இரு மலர்களை நோக்குக.

1. மாஓ ஹாவ் ஹெலே: மஞ்சட் செவ்வரத்தை. 1988 முதல் ஹவாயின் மாநில மலர். தாளை நனைத்து ஐந்து இதழ்களையும் வெளிர் மஞ்சளால் இடுக. ஈரம் காயுமுன் நடுவில் கருஞ்சிவப்பைத் தொட்டு வைக்குக. அது தானாகப் பரவும்.

2. ஓஹியா லெஹுவா: எரிமலைக் குழம்பு இறுகிய நிலத்தில் முதலில் வளரும் மரங்களுள் ஒன்றின் மலர். இங்கு கண்ணில் படுவன இதழ்களல்ல, பெரும்பாலும் சிவந்த கேசரங்களே. ஈரத்தாளில் சிவப்பைப் பரவவிட்டு, காய்ந்தபின் மெல்லிய தூரிகையால் கேசரங்களை வெளிநோக்கிக் கீறுக.

கவனிக்க: லெஹுவாவுக்குப் பெரிய இதழ்கள் வரைந்தால், வர்ணம் எவ்வளவு அழகாயினும் மலர் பிழையே.