மும்பையின் சிறுத்தைகள்

தாராவியின் ஓரமாகச் சென்று மாஹிம் கடற்கழியில் கலக்கும் மிட்டி ஆற்றைச் சாக்கடை என்றே பலரும் எண்ணுகின்றனர். அதன் போக்கை எதிர்த்து மேலே சென்றால் பவாய், விஹார் ஏரிகள் தென்படும். விஹார் ஏரியைச் சூழ்ந்த காட்டில் சிறுத்தைகள் வாழ்கின்றன. மாதுங்கா, செம்பூர் வாசிகளுள் பலருக்கு இது வியப்பளிக்கலாம்.

சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா எனப்படும் இக்காட்டின் பரப்பு சுமார் 104 சதுர கிலோமீட்டர். இங்கும் இதனையடுத்த ஆரே பகுதியிலும் 2018ஆம் ஆண்டில் தானியங்கிக் காமிராக்களைக் கொண்டு நடந்த கணக்கெடுப்பில் 47 சிறுத்தைகள் அடையாளம் காணப்பட்டன. உடற்புள்ளிகளின் அமைப்பு, மனிதரின் கைரேகையைப் போல, சிறுத்தைக்குச் சிறுத்தை வேறுபடும். ஆதலால் ஒன்றையே இருமுறை எண்ணிவிட இடமில்லை.

பெருநகருக்குள் இத்தகைய பெரிய பூனையின விலங்குகள் வாழ்வது உலகில் அரிது. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் மற்றோர் எடுத்துக்காட்டு. அங்குள்ளது மலைச்சிங்கம் எனப்படும் பூமா. பெயரளவில்தான் சிங்கம், கர்ஜிக்க இயலாது. 'பி-22' என்று குறிக்கப்பட்ட ஆண் பூமா ஒன்று, இரு பெரும் நெடுஞ்சாலைகளைக் கடந்து அந்நகரின் கிரிஃபித் பூங்காவை அடைந்து, 2022ஆம் ஆண்டுவரை துணையின்றியே வாழ்ந்தது.

சிறுத்தையும் தனித்துத் திரியும் சுபாவமுடையதே. பகலில் புதரிலோ பாறையிடுக்கிலோ படுத்திருந்து, இருட்டிய பின் வெளிவரும். மரம் அறுப்பது போன்ற ஓசை அதன் குரல். சிறுநீராலும் நகக்கீறல்களாலும் தன் எல்லையைக் குறித்துக்கொள்ளும். சுமார் மூன்று மாதச் சினைக்குப் பின் ஈனும் இரண்டு மூன்று குட்டிகளைத் தாய் ஒன்றரை ஆண்டுக்கு மேலும் உடன் வைத்துக்கொண்டு வேட்டை பழக்கும். புள்ளிமான், கடமான், மந்தி, எலி என எதுவும் இதற்கு இரையே. புலி பிழைக்கவியலாத இடங்களிலும் இது பிழைப்பதன் இரகசியம் இதுதான். நகரத்துக் குப்பையால் நாய்கள் பெருகுகின்றன. நாய்களை நாடிச் சிறுத்தை வருகிறது. 2015ஆம் ஆண்டு ஆய்வின்படி, இங்குள்ள சிறுத்தைகளின் உணவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நாய்களே.

இவ்வளவு நெருக்கத்தில் ஆபத்தே இல்லை எனக் கூறுவது பொய்யாகும். 2004ஆம் ஆண்டில் காட்டோரக் குடிசைவாசிகள் பலர் சிறுத்தைகளால் மாண்டனர். குழந்தையைப் பறிகொடுத்தவர்கள் கூண்டு வைக்குமாறு கோருவது இயற்கையே. ஆனால் கூண்டினால் விளைந்தது யாது? புணே மாவட்டத்து ஜுன்னார்ப் பகுதியில் சிறுத்தைகளைப் பிடித்துக் காடுகளில் கொண்டுபோய் விட்டனர். அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த தாக்குதல்கள், அதன்பின் 17 ஆக உயர்ந்ததை வித்யா ஆத்ரேயாவும் உடனாய்வாளர்களும் கண்டறிந்தனர். பழகிய எல்லையை இழந்து அந்நிய இடத்தில் தடுமாறும் விலங்கே அதிக ஆபத்தானது. மும்பைக் காட்டிலும் வெளியிடங்களிற் பிடிபட்ட சிறுத்தைகள் விடப்பட்டு வந்தமை 2004ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளுக்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

ஆகவே 2011ஆம் ஆண்டு முதல் வனத்துறை குடிமக்களையும் இணைத்துக்கொண்டு வேறு வழியை மேற்கொண்டது. குப்பையை அகற்றுதல், இருட்டிய பின் குழந்தைகளைத் தனியே வெளியே விடாதிருத்தல், சிறுத்தை தென்பட்டால் கூட்டமாகச் சூழ்ந்துகொள்ளாமை என்பனவே அதன் சாரம். எளியவைதாம், எனினும் வீட்டில் கழிப்பிடமும் தெருவில் விளக்கும் இல்லாதவர்க்கு இவை எளியவையல்ல.

2009ஆம் ஆண்டில், அன்றைய அகமதுநகர் மாவட்டத்தில் கிணற்றில் விழுந்த முதிய ஆண் சிறுத்தை ஒன்று மீட்கப்பட்டது. அதற்கு 'ஆஜோபா', அதாவது மராத்தியில் 'தாத்தா', எனப் பெயரிட்டு, இருப்பிடத்தைத் தெரிவிக்கும் கழுத்துப்பட்டை பூட்டி, மால்சேஜ் கணவாய்ப் பகுதியில் விட்டனர். அது கசாரா ரயில் நிலையத்தின் அருகாகவும் ஊர்களின் ஓரமாகவும் சுமார் 120 கிலோமீட்டர் நடந்து, ஒரு மாதத்திற்குள் மும்பைக் காட்டை அடைந்தது. வழியில் மனிதர் எவரையும் தாக்கவில்லை. 2011 டிசம்பரில், நெடுஞ்சாலை ஒன்றைக் கடக்கையில் வாகனம் மோதி மாண்டது. உடலில் செலுத்தப்பட்டிருந்த நுண்சில்லைக் கொண்டே அது ஆஜோபா என அறிந்தனர்.