கட்டியது யார்?
ஆன்லைன் கட்டட அனுமதியில் கான்ட்ராக்டர் விவரம் – ஒரு பாடம்

(மூன்றாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் துறை)



'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கல்யாணத்துக்காவது பத்திரிகையில் மாப்பிள்ளை பேர், பெண் பேர் தவறாமல் அச்சாகிவிடும். வீட்டுக்கு? சொந்தக்காரர் பேர் பத்திரத்தில் இருக்கும், இன்ஜினியர் பேர் பிளானில் இருக்கும். கல்லும் மண்ணும் சுமந்து கட்டியவர் பேர் எங்கே இருக்கும்? இருந்தாலும் சரியாக இருக்குமா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா மேஸ்திரி. நான் முதலாம் ஆண்டு படிக்கும்போது ஒரு வீட்டு வேலையைப் பேஸ்மென்ட் வரைக்கும் செய்துவிட்டு, கூலி பாக்கித் தகராறில் விலகி வந்துவிட்டார். சொந்தக்காரர் வேறு மேஸ்திரியை வைத்து மேலே கட்டினார். நாலு மாதம் கழித்து ஒரு நாள் சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து அப்பாவுக்குப் போன். அந்த வீட்டில் சன்ஷேடுக்குக் கான்கிரீட் போட்ட நாலாம் நாளே முட்டைப் பிரித்திருக்கிறார்கள். சன்ஷேடு விழுந்து ஒரு சித்தாளுக்குக் கால் முறிந்துவிட்டது. சைட் போர்டிலும் இன்ஜினியர் ஆபீஸ் ஃபைலிலும் இருந்தது என் அப்பா பேரும் செல் நம்பரும்தான்! (சாதாரண ஸ்லாபுக்கே, 4.5 மீட்டர் ஸ்பான் வரை, முட்டு ஏழு நாள் நிற்க வேண்டும் என்று ஐ.எஸ். 456 சொல்வதை நாம் படித்திருக்கிறோம். சன்ஷேடு கான்டிலீவர் வேறு.)

இரண்டு நாள் வேலையை விட்டு அலைந்து, "நான் அங்கே இல்லவே இல்லை" என்று நிரூபித்துவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

"ஏண்டா, நான் அந்த வேலைய விட்டுப் போனத எழுதி வைக்க அந்தக் கம்ப்யூட்டர்ல இடமே இல்லையா?"

அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. போன வருஷ விடுமுறையில் ஓர் இன்ஜினியர் ஆபீஸில் நாலு வாரம் பயிற்சிக்குப் போனேன். அங்கேதான் பதில் கிடைத்தது.

நானே செய்த தப்பு

முதல் நாளே என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார்கள். "பழைய ஃபைலைக் காப்பி பண்ணி, பேரை மட்டும் மாத்திக்கோ தம்பி" என்றார் அங்கே இருந்த அண்ணன். அப்படியே செய்தேன். பேர் மாற்றினேன், முகவரி மாற்றினேன், செல் நம்பரை மாற்ற மறந்துவிட்டேன். பழைய சைட் கான்ட்ராக்டரின் நம்பர் புதுச் சைட்டின் பேரில் உட்கார்ந்துகொண்டது. சார் அளவு கேட்கப் போன் போட்டபோது சம்பந்தமில்லாத ஆள் எடுத்ததால் அன்றைக்கே தெரிந்தது. சார் திட்டவில்லை. எனக்குத்தான் அப்பாவின் முகம் கண் முன்னால் வந்து நின்றது. அவருக்கு நேர்ந்ததும் இப்படி ஒரு காப்பிதானே!

யார் யார் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

ஒரு கட்டட அனுமதி ஃபைலில் பலர் வருவார்கள். சொந்தக்காரர், பிளான் தயாரிக்கும் கட்டடக்கலைஞர் அல்லது பதிவு பெற்ற பொறியாளர், கம்பிக் கணக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர், பிறகு கான்ட்ராக்டர். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, இவர்களில் தொழில்வல்லுநர்களுக்குப் பதிவு வேண்டும் என்கிறது. கட்டுமானப் பொறியாளர், தரத் தணிக்கையாளர் என்ற வகைகளும் அதில் உண்டு.

ஆனால் நம் பக்கத்தில் சின்ன வீடு கட்டும் மேஸ்திரிக்குக் கட்டாய லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. வயரிங் கான்ட்ராக்டருக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். அவர் டெஸ்ட் ரிப்போர்ட் கொடுத்தால்தான் கரண்ட் கனெக்‌ஷன். வீட்டின் பாரத்தையே தாங்கும் வேலை செய்கிறவருக்கு அப்படி ஒரு நம்பரே இல்லை! லைசென்ஸ் நம்பர் இல்லாததால்தான் பேர், முகவரி, செல் நம்பர், தேதி எல்லாவற்றையும் நாம் இன்னும் ஜாக்கிரதையாக எழுத வேண்டியிருக்கிறது.

இப்போது ஏன் இது பெரிய விஷயம்?

22.7.2024 அன்று நம் மாநிலத்தில் சுயசான்று முறை தொடங்கியது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், தரைத்தளம் அல்லது தரைத்தளமும் முதல் தளமும், 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, ஆன்லைனிலேயே விவரம் பதிந்து கட்டணம் செலுத்தினால் அனுமதி கிடைத்துவிடும். முன்கூட்டியே இடத்தைப் பார்க்க ஆள் வருவதில்லை. மக்களுக்கு இது நல்ல வசதிதான். அதே நேரத்தில், பார்க்க ஆள் வராத இடத்தில் நாம் டைப் அடித்ததுதான் சாட்சி என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுக்குமாடி விஷயத்தில் சட்டமே கான்ட்ராக்டர் பேரைக் கேட்கிறது. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 4ஆவது பிரிவுப்படி, திட்டத்தைப் பதிவு செய்யும் விண்ணப்பத்திலேயே கான்ட்ராக்டர், கட்டடக்கலைஞர், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஆகியோரின் பேரும் முகவரியும் தர வேண்டும். (நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, வீடுகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் பதிவிலிருந்து விலக்கு.) பொய் விவரம் தந்தால் 60ஆவது பிரிவுப்படி திட்ட மதிப்பில் 5 சதவீதம் வரை அபராதம். வீட்டை ஒப்படைத்து 5 வருஷத்துக்குள் கட்டமைப்புக் குறை தெரிய வந்தால், புரமோட்டர் 30 நாளில் காசு வாங்காமல் சரி செய்து தர வேண்டும். அப்போது புரமோட்டர் யாரைத் தேடுவார்? விண்ணப்பத்தில் இருக்கும் கான்ட்ராக்டரைத்தான். அவர் நடுவில் விலகியிருந்து, அதை யாரும் பதியாமல் விட்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

28.6.2014 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்ததை நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது பெரியவர்கள் பேசக் கேட்டிருப்போம். அப்படி ஒரு நாள் வரும்போது எழுகிற முதல் கேள்விகள் யார் டிசைன் போட்டார், யார் கட்டினார் என்பவைதான்.

ஐந்து பாடங்கள்

நான் ஆபீஸில் கற்றுக்கொண்டதையும், பட்டுத் தெரிந்துகொண்டதையும் ஐந்தாகத் தருகிறேன்.

1. ஆளுக்கு ஒரு பதிவு, வேலைக்கு ஒரு பதிவு. கான்ட்ராக்டரின் பேர், முகவரி, செல், பான் எண் எல்லாம் ஒரு ரிஜிஸ்டரில் ஒரே ஒரு தடவைதான் இருக்க வேண்டும். அவருக்கு ஒரு வரிசை எண் கொடுங்கள். சைட் ரிஜிஸ்டரில் அந்த எண்ணை மட்டும் எழுதுங்கள். செல் நம்பர் மாறினால் ஓர் இடத்தில் திருத்தினால் போதும். ஃபைலைக் காப்பி அடிக்கும் பழக்கம் இத்துடன் ஒழியும்.

2. அழிக்காதே, முடித்து வை. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆள் மாறினால் பழைய பேரை அழித்துவிட்டு அதன்மேல் புதுப் பேரை எழுதக் கூடாது. பழைய வரியில் 'முடிந்த தேதி' போட்டு மூடிவிட்டு, அடுத்த வரியைத் திறக்க வேண்டும். உதாரணமாக:

கான்ட்ராக்டர் எண் 7 – தொடக்கம் 10.1 – முடிவு 28.3 – பேஸ்மென்ட் மட்டம் வரை.
கான்ட்ராக்டர் எண் 12 – தொடக்கம் 5.4 – முடிவு (காலி) – பேஸ்மென்ட்டுக்கு மேல்.

இரண்டே வரிதான். இது இருந்திருந்தால் என் அப்பா இரண்டு நாள் ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்க வேண்டாம். பழைய பேரை அழித்திருந்தாலும் தப்புத்தான். நாளைக்கு பேஸ்மென்ட்டில் வெடிப்பு வந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே? அப்பாவுக்கும் அதில் மறுப்பு இல்லை. "நான் கட்டினதுக்கு நான் நிப்பேன், அடுத்தவன் கட்டினதுக்கு நான் ஏன் நிக்கணும்?" என்பார்.

கைமாறும் நாளில் எந்த மட்டம் வரை வேலை ஆனது என்று அளவெடுத்து, போட்டோ பிடித்து, இரண்டு தரப்பிலும் கையெழுத்து வாங்குங்கள். சைட் போர்டையும் அன்றைக்கே மாற்றுங்கள். பதிவு பெற்ற தொழில்வல்லுநர் விலகினால் விதி இன்னும் கண்டிப்பானது. அவர் எழுத்து மூலம் அனுமதி தரும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அடுத்தவர் பொறுப்பேற்கும் வரை வேலை நிற்க வேண்டும். மேஸ்திரிக்கும் அதே நியாயத்தை நம் ரிஜிஸ்டரிலாவது கொடுப்போமே.

3. நம்பரைப் படித்துப் பார். பான் எண்ணில் 10 எழுத்து. முதல் ஐந்தும் ஆங்கில எழுத்து, அடுத்த நான்கும் இலக்கம், கடைசி ஒன்று எழுத்து. நான்காவது எழுத்து 'பி' என்றால் தனி ஆள், 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. ஜி.எஸ்.டி. எண்ணில் 15 எழுத்து. முதல் இரண்டு மாநில எண், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் எண்ணே! இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறு ஆளின் எண்ணைத் தந்திருக்கிறாரா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. பல மேஸ்திரிகளுக்கு இருக்காது. அங்கே 'இல்லை' என்றே எழுதுங்கள். கட்டம் காலியாக இருக்கிறதே என்று வேறு எண்ணைப் போட்டு நிரப்பாதீர்கள்.

4. எந்த மாதிரி ஒப்பந்தம் என்று எழுது. லேபர் கான்ட்ராக்டா, மெட்டீரியலும் சேர்த்தா? லேபர் கான்ட்ராக்ட் என்றால் சிமென்டும் கம்பியும் வாங்கிக் கொடுப்பது சொந்தக்காரர். சரக்கு மோசமென்றால் மேஸ்திரி எப்படிப் பொறுப்பாவார்? இந்த ஒரு வார்த்தையை எழுதாததால் எத்தனையோ பஞ்சாயத்து நடக்கிறது. வயரிங், பிளம்பிங், சென்ட்ரிங் ஆட்களை மெயின் கான்ட்ராக்டர் கூட்டி வந்தாரா, சொந்தக்காரரே தனியாகப் பேசினாரா என்பதையும் குறித்து வையுங்கள்.

5. அடுத்தவர் விவரம் அடுத்தவர் நகை மாதிரி. ஆதார் நகல்களை மேஜைமேல் பரப்பி வைக்காதீர்கள். அடையாளத்துக்கு வேண்டுமென்றால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதார் நகல் வாங்குங்கள். இன்ஜினியரின் பாஸ்வேர்டை ஆபீஸில் நாலு பேர் வைத்துக்கொள்வது, சொந்தக்காரருக்கு வரும் ஓ.டி.பி.யை எதற்கு என்று சொல்லாமலே கேட்டு வாங்கிப் போடுவது, இரண்டும் வேண்டாம். ஸ்க்ரீனில் இருப்பதை ஒரு தடவை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத மேஸ்திரியானாலும் தன் பேரில் என்ன பதிந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு.

வெளியூர் வழக்கம் ஒன்று

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் கட்டட கான்ட்ராக்டர்களுக்கு என்றே ஒரு மாநில லைசென்ஸ் வாரியம் இருக்கிறது. பெர்மிட் விண்ணப்பத்தில் கான்ட்ராக்டர் தன் லைசென்ஸ் எண்ணை எழுதி உறுதிமொழி தர வேண்டும். அல்லது 'நானே கட்டுகிறேன்' என்று சொந்தக்காரர் உறுதிமொழி தர வேண்டும். வேலையாட்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டா என்பதற்கும் தனி உறுதிமொழி. அந்த லைசென்ஸ் எண் நடப்பில் இருக்கிறதா, நிறுத்தி வைத்திருக்கிறார்களா என்று யார் வேண்டுமானாலும் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். 1.1.2025 முதல், 1,000 டாலருக்குக் குறைந்த, ஆள் வைக்காத, பெர்மிட் தேவைப்படாத சில்லறை வேலைக்கு மட்டும் லைசென்ஸ் வேண்டாம். நம் ஊருக்கு அப்படியே ஒத்துவருமா என்பது வேறு. ஆனால் அடிபட்ட தொழிலாளிக்கு யார் பதில் சொல்வது என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வாங்கும் பழக்கம் நல்ல பழக்கம்.

முடிவாக...

பயிற்சியின் கடைசி வாரத்தில் சாரிடம் தயங்கித் தயங்கி அப்பா கதையைச் சொன்னேன். மறுநாள் அந்த ஆபீஸில் ஒரு புதுச் சீட்டு அச்சானது. விலகிய தேதி, முடிந்த மட்டம், பாக்கி உண்டா இல்லையா, இரண்டு கையெழுத்து. அரைப் பக்கம்தான். ஒரு நகலை வீட்டுக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத ஒரு அம்பது ஜெராக்ஸ் போட்டுக் குடுடா" என்றார். இப்போது அவர் சைக்கிள் பையில் ரசமட்டம், தூக்குக்குண்டோடு அந்தச் சீட்டும் இருக்கிறது.

அந்தச் சித்தாள் அக்காவை அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கால் கூடிவிட்டது. ஆனால் சாரம் ஏற முடியவில்லையாம். அவர் பேர் எந்த ஃபைலிலும் இல்லை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

நண்பர்களே, 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பார்கள். ஏட்டில் ஒழுங்காக எழுதாவிட்டால் கட்டிய வீடும் ஒரு நாள் உதவாமல் போகும். நாளைக்கு நம்மில் பலர் அந்த ஸ்க்ரீன் முன்னால்தான் உட்காரப் போகிறோம். 'கான்ட்ராக்டர் பெயர்' என்ற கட்டம் வரும்போது ஒரு நிமிஷம் கையை நிறுத்துங்கள். அந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு மனுஷன், அவன் குடும்பம், அவனோடு வேலை செய்யும் பத்துப் பேர் இருக்கிறார்கள். பார்த்து எழுதுவோம், சரியாக எழுதுவோம்!