குறையுடையோரும் இறைவனின் பணியும்

தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே, பெங்களூருவின் ஸ்ரீராம்புரம் போன்று தமிழர் தலைமுறைகளாக வாழும் பகுதிகளிலும் சரி, தமிழ்நாட்டு ஊர்களிலும் சரி, ராயப்பன், சின்னப்பன், தாமஸ் ஆகியவை பழகிய பெயர்கள். ராயப்பர் என்பது பேதுருவையும், சின்னப்பர் என்பது பவுலையும், தோமையார் என்பது தாமஸையும் குறிக்கும் பழைய வழக்கு. முதலாமவர் தம் குருவைத் தெரியாது என்று மறுதலித்தவர். இரண்டாமவர் அவருடைய அடியார்களைத் துன்புறுத்தியவர். மூன்றாமவர் அவர் உயிர்த்தெழுந்த செய்தியை நம்ப மறுத்தவர். பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு ஆசையோடு சூட்டும் பெயர்கள் இவை!

பேதுருவின் வீழ்ச்சியை நான்கு சுவிசேஷங்களும் சொல்கின்றன. ஏசுநாதர் கைதான இரவில், முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டிருந்தவரை ஒரு பணிப்பெண் அடையாளம் காண்கிறாள். சேவல் கூவுவதற்குள் மூன்று முறை மறுத்துவிடுகிறார். தங்கள் தலைவரின் இந்த அவமானத்தை மறைத்துவிட அந்தச் சமயத்தாருக்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அவர்கள் மறைக்கவில்லை.

வேதாந்த நூல்களைப் பயின்றவருக்கு இங்கே ஒரு கேள்வி எழும். விவேகம், வைராக்கியம் முதலிய நான்கு சாதனங்கள் வாய்த்தவனே அதிகாரி என்று நம் ஆசாரியர்கள் வகுத்தனர். அங்கே தகுதி முன்னது, உபதேசம் பின்னது. கிறிஸ்தவ நம்பிக்கையிலோ அழைப்பு முதலில் வருகிறது. தகுதி வழிநெடுக வந்து சேர்கிறது, சில வேளை வராமலே போகிறது. அப்படியானால் குறை ஒரு பொருட்டே இல்லையா? தவறிழைப்பவர், இறைவன் தம்மையும் பயன்படுத்துகிறான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா?

அருள் பெருகட்டும் என்று பாவம் செய்யலாமா என்ற வாதத்தைப் பவுலே ரோமருக்கு எழுதிய மடலில் உறுதியாக மறுத்துவிட்டார். ஆயினும் கேள்வி ஓயவில்லை. கி.பி. 303-இல் ரோமப் பேரரசன் டயோக்ளீஷியன் தொடங்கிய அடக்குமுறையில், வட ஆப்பிரிக்காவில் குருமார் சிலர் அச்சத்தால் வேத நூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்கள். அத்தகையவர் கையால் நிகழும் சடங்குகள் செல்லா என்று டொனாட்டஸைப் பின்பற்றியவர்கள் தனியே பிரிந்தனர். பிளவு நூறாண்டுக்கு மேல் நீடித்தது.

அவர்களை எதிர்த்து வாதிட்டவர் ஹிப்போ நகரத்து ஆயர் அகஸ்டின். தம் இளமையின் தவறுகளைத் தாமே எழுதி வைத்தவர் அவர். அருள் கிறிஸ்துவுடையது, அதைக் கொண்டு சேர்ப்பவருடையது அன்று என்பது அவரது வாதம். கல்லால் கட்டிய வாய்க்கால் வழியாகவும் நீர் பாத்திகளுக்குச் சென்று சேர்கிறது, தோட்டம் விளைகிறது. ஆனால் அந்தக் கல்லில் எதுவும் முளைப்பதில்லை என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். இந்த இரண்டாம் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவர் வழியாக நன்மை நடந்தது என்பது அவருடைய தூய்மைக்குச் சான்றாகாது.

போதிக்கவும் பிணி தீர்க்கவும் அனுப்பப்பட்ட பன்னிருவருள் யூதாஸும் இருந்தான். காட்டிக் கொடுத்தபின் அவனும் வருந்தினான். பேதுருவும் மனம் கசந்து அழுதார். யூதாஸ் தனியே போய் உயிரை மாய்த்துக்கொண்டான். பேதுரு மற்றச் சீடர்களோடு இருந்தார். பிறகு ஏரிக்கரையில் அவரிடம், தம்மீது அன்பு உண்டா என்று ஏசுநாதர் மும்முறை கேட்கிறார். மறுதலித்த இடத்திலும் இந்தக் கரையிலும் கரிநெருப்பு மூட்டியிருந்ததை யோவான் மறக்காமல் குறிக்கிறார். பழைய காயத்தின் அருகிலேயே பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது.

தாமஸின் கதை நமக்கு இன்னும் அண்மையானது. கி.பி. 52-இல் கேரளக் கரைக்கு வந்து, 72-இல் சென்னையில் உயிர் துறந்தார் என்பது மரபு. பரங்கிமலையும் சாந்தோம் ஆலயமும் அவர் நினைவைச் சுமக்கின்றன. மூன்றாம் நூற்றாண்டில் சிரிய மொழியில் தோன்றிய 'தோமாவின் பணிகள்' என்ற நூல் வேறொரு கதை கூறுகிறது. திருச்சபை அதை வேதமாக ஏற்கவில்லை. அதில் வரும் கோண்டோபரஸ் மன்னனோ வடமேற்கு இந்தியாவை ஆண்டவன், அவன் நாணயங்கள் கிடைத்துள்ளன.

சீடர்கள் திசைகளுக்குச் சீட்டுப் போட்டபோது தாமஸுக்கு இந்தியா விழுந்தது. உடல் பலவீனம், தாம் எபிரேயர், இந்தியரிடம் எப்படிப் போதிப்பது என்று அவர் மறுத்தார். இரவில் ஏசுநாதரே தோன்றிச் சொல்லியும் இணங்கவில்லை. அப்போது கோண்டோபரஸுக்காகத் தச்சன் ஒருவனைத் தேடி அப்பான் என்னும் வணிகன் வந்திருந்தான். ஏசுநாதர் தாமஸைத் தம் அடிமை என்று சொல்லி, விற்பனைச் சீட்டு எழுதிக் கொடுத்து, அவனுக்கு விற்றுவிட்டார். இவர் உன் எஜமானரா என்று வணிகன் கேட்டபோது, ஆம் என்று தாமஸ் ஒப்புக்கொண்டார். மறுநாள் அதிகாலையில் கப்பலுக்குப் போனார். தம்மை விற்றுக் கிடைத்த விலையைத் தவிர வேறொன்றும் அவர் கையில் இல்லை.