மைக்கை மாற்றவா, அறையை மாற்றவா?

வீட்டிலேயே பாடிப் பதிவு செய்ய கண்டென்சர் மைக் வாங்கினேன். குரலோடு மின்விசிறிச் சத்தம், தெருவில் போகிற ஆட்டோ, அறையின் எதிரொலி எல்லாம் சேர்ந்தே பதிவாகின்றன. இன்னும் விலை கூடிய மைக் வாங்கட்டுமா? – வாசகி, மதுரை

வேண்டாம். உங்கள் மைக்கில் குறை எதுவும் இல்லை. விலை கூடிய கண்டென்சர் வாங்கினால் அந்த ஆட்டோ இன்னும் தெளிவாகக் கேட்கும், அவ்வளவுதான்.

அறையைத்தான் சரிசெய்ய வேண்டும். வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் குரலைத் திருப்பி அனுப்புகின்றன. கனமான போர்வை இரண்டை உங்கள் முதுகுப்பக்கம் கொடி கட்டித் தொங்கவிடுங்கள். பலர் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். ஆனால் கார்டியாய்டு மைக் தன் முன்பக்கத்தைத்தான் அதிகம் கேட்கும். அதாவது உங்களையும், உங்கள் பின்னாலிருக்கும் சுவரையும். மைக்கின் முதுகு ஜன்னலைப் பார்க்கட்டும்.

வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி போதும், நடுவில் பாப் ஃபில்டர். நெருங்கிப் பாடினால் கெயினைக் குறைக்கலாம். குரலோடு ஒப்பிட இரைச்சலும் தாழ்ந்துவிடும். 24 பிட்டில் பதிவு செய்யுங்கள். தாரஸ்தாயியில் பாடும்போதும் மீட்டர் மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம். மின்விசிறியை அணைத்துவிட்டே பாடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் தெரு அடங்காவிட்டால், 1966 முதல் மேடைகளில் உழைக்கும் ஷ்யூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குக்கு மாறுங்கள். வாயருகே வைத்துப் பாடுவதற்கென்றே செய்தது அது. 48 வோல்ட் ஃபேன்டம் பவரும் தேவையில்லை. கையில் பணம் மிச்சமிருந்தால் காதை முழுதாக மூடும் ஹெட்போன் வாங்குங்கள். அதில் கேட்டுப் பாடினால் சுருதிப்பெட்டியின் ஒலி மைக்குக்குள் கசியாது.