வீட்டு ரப்பர் செடிக்கும் கவ்வாத்து

தோட்டத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குக் கவ்வாத்து என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தேயிலைச் செடியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மொட்டையாக வெட்டிவிடும் வேலை அது. பிரிஞ்சாங் பக்கம் சுங்கை பாலாஸ் சரிவுகளில் கவ்வாத்து முடிந்த மலையைப் பார்த்தால், "ஐயோ, எல்லாம் செத்துப்போச்சே!" என்றுதான் தோன்றும். சில மாதங்களில் பச்சைப் பசேலென்று துளிர்த்துவிடும். வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும். கொழுந்து கைக்கு எட்டாது.

இன்று நம் வீட்டு ஹாலில் நிற்கும் ரப்பர் செடிக்கும் அதே கதைதான். உச்சி கூரையை முட்டுகிறது, கீழே வெறும் குச்சி. வெட்டச் சொன்னால், "அரச மரத்துச் சொந்தமாச்சே, கத்தி வைக்கலாமா?" என்கிறார்கள். சொந்தம் உண்மைதான். ஆல், அரசு, அத்தி, இந்த ரப்பர் செடி எல்லாம் ஒரே இனம். மரங்களில் நான் அரசு என்று கண்ணன் சொல்வது கீதையின் 10ஆம் அத்தியாயம். 15ஆம் அத்தியாயத்தில் அதே அரசைப் பற்றின்மை என்னும் ஆயுதத்தால் வெட்டச் சொல்கிறார். அது சம்சார மரம். அதைக் காட்டி நான் அனுமதி கேட்கமாட்டேன். கோயிலில் கும்பிடும் மரம் வேறு, தொட்டியில் நாம் அடைத்து வைத்த செடி வேறு. அடைத்தவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெட்டினால் ஏன் கிளைக்கிறது? நுனிமொட்டில் ஆக்சின் என்ற பொருள் ஊறிக் கீழே இறங்கி, பக்க மொட்டுகளைத் தூங்க வைக்கிறது. நுனி போனால் வெட்டுக்குக் கீழுள்ள இரண்டு மூன்று மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஆகவே கிளை எங்கே வேண்டுமோ, அந்தக் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.

வெள்ளைப் பால் வழியும். சிலருக்குத் தோல் அரிக்கும். கையுறை போடுங்கள், குழந்தையையும் பூனையையும் தள்ளி வையுங்கள், ஈரத்துணியால் ஒற்றுங்கள். இன்றைய ரப்பர் மரம் தோட்டம் தோட்டமாகப் பரவுவதற்கு முன் மலாயாவில் இந்தச் செடியின் பாலிலிருந்தும் ரப்பர் எடுத்தார்கள். ரம்போங் என்பது அதன் பெயர்.

தோட்டத்து அனுபவம் இங்கேதான் கைகொடுக்கும். கவ்வாத்துக்குப் பின் தேயிலை துளிர்ப்பது வேரில் சேர்த்த மாவுச்சத்தால். அதனால்தான் சில இடங்களில் இலையோடு ஒரு கிளையை மூச்சுக்கிளையாக விட்டு வெட்டுவார்கள். வீட்டிலும் ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வாடிய செடியில் கத்தியே வேண்டாம். முதலில் சன்னலோரம் வைத்துத் தேற்றுங்கள். புது இலை விரியும் நேரமே வெட்ட நல்ல நேரம்.

பிரிஞ்சாங் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். குளிரில் துளிர் மெதுவாகத்தான் வரும், அவசரப்பட்டுத் தண்ணீரைக் கொட்டாதீர்கள். இலை குறைந்த செடி குறைவாகவே குடிக்கும்.

வெட்டிய நுனியை எறிய வேண்டாம். இரண்டு இலை மட்டும் விட்டு, அவற்றைச் சுருட்டிக் கட்டி, ஈரமணலில் ஊன்றுங்கள். வேர் பிடித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்.