வெளியே ஆறிவிட்டது, உள்ளே?

மாணவர்களே, உங்கள் மூக்கின் மேற்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். கடினமாக இருக்கும், அது எலும்பு. நுனியை மெல்ல அசைத்துப் பாருங்கள். வளைந்து கொடுக்கும்; அது குருத்தெலும்பு. மூக்கின் வடிவத்தை மாற்றும் அறுவை சிகிச்சையில், தேவைக்கேற்ப இவ்விரண்டையும் மருத்துவர் செதுக்குவார் அல்லது இடம் மாற்றிப் பொருத்துவார். அதன்பின் அவர் சொல்லும் ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் பின்னால் ஓர் அறிவியல் காரணம் உண்டு.

முதல் வாரம்

காயம்பட்ட இடத்தில் இரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றிலிருந்து நீர் கசியும். அதனால்தான் மூக்கு வீங்குகிறது. கண்களைச் சுற்றியும் கன்றிப்போகிறது. தலையை உயர்த்திப் படுத்தால் புவியீர்ப்பு விசையின் உதவியால் அந்த நீர் எளிதில் வடியும்.

இந்நாள்களில் மூக்கைச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். வாயை மூடினால் காற்று முழுவதும் மூக்கு வழியே பாய்ந்து, புதிதாக உறைந்த இரத்தத்தைப் பெயர்த்துவிடும். மருத்துவரைக் கேட்காமல் ஆஸ்பிரின் உட்கொள்வதும் தவறு. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் வேலையை அது தடுக்கிறது.

இரண்டாம் வாரம் முதல்

மூக்கின்மேல் பொருத்திய காப்பு பொதுவாக ஒரு வாரத்தில் அகற்றப்படும். கன்றிய நிறமும் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் மறையும். கண்ணாடியில் பார்ப்பவருக்கு எல்லாம் ஆறிவிட்டதாகத் தோன்றும். கவனமாக இருக்க வேண்டிய காலமே இதுதான். வெட்டிப் பொருத்திய எலும்பு உறுதிபெறக் குறைந்தது ஆறு வாரங்கள் தேவை. அதுவரை பந்து முகத்தில் படக்கூடிய விளையாட்டுகள் வேண்டாம். மூக்குக் கண்ணாடியின் சிறு எடைகூட எலும்பை அழுத்தும். அதை எப்போது அணியலாம் என மருத்துவரே சொல்வார்.

குருத்தெலும்பின் நிலை இன்னும் நுட்பமானது. அதற்குச் சொந்தமாக இரத்தக் குழாய்கள் இல்லை. அதைப் போர்த்தியுள்ள மெல்லிய சவ்விலிருந்தே சத்தும் உயிர்வாயுவும் ஊறி வருகின்றன. அடிபட்டு, மூக்கின் நடுச்சுவரில் சவ்வுக்கும் குருத்தெலும்புக்கும் இடையே இரத்தம் தேங்கினால் அந்த வழி அடைபடும். உடனே அகற்றாவிட்டால் குருத்தெலும்பு அழிந்து, மூக்கின் நடுப்பகுதி அமுங்கிவிடக்கூடும். சிகரெட்டிலும் மின்சிகரெட்டிலும் உள்ள நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, காயம் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது.

ஓராண்டு வரை

உடல் அவசரமாக உருவாக்கிய கொலாஜன் இழைகளை மெல்ல மெல்ல ஒழுங்குபடுத்தும். நுனியின் வீக்கம் கடைசியாகவே வடியும். அதற்கு ஓராண்டுகூட ஆகலாம். எனவே முதல் மாதத்தில் காணும் மூக்கு இறுதி வடிவம் அன்று.

உங்கள் வயதில் முகம் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் அழகுக்காக மட்டும் செய்யும் சிகிச்சைக்கு, வளர்ச்சி முடியும்வரை காத்திருக்கும்படி மருத்துவர்கள் கூறுகிறார்கள்.

இவற்றைக் கண்டால் தாமதிக்காதீர்கள்: நிற்காத இரத்தக்கசிவு, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, திடீர் மூக்கடைப்பு, பார்வையில் மாற்றம். உடனே மருத்துவரை நாட வேண்டும்.

சிந்தித்துப் பாருங்கள்: சிகிச்சை முடிந்து மூன்று வாரமான நண்பர், “வலியே இல்லை, காற்பந்து ஆட வருகிறேன்” என்கிறார். அவருக்கு என்ன காரணம் சொல்லித் தடுப்பீர்கள்?