முப்பது நாள் தாண்டியும் பதில் இல்லையா? மேல்முறையீடு செய்யப் பழகுவோம்

உழவர் நண்பர்களே, ரசாயன உரம் போடாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. பூச்சிக்கொல்லி அடிக்காமல் இருப்பதும் நம் கையில்தான். ஆனால் கிணற்றில் ஊறுகிற தண்ணீர் நம் கையில் இல்லை. பக்கத்து ஆலையின் கழிவு மண்ணுக்குள் இறங்கினால், பஞ்சகவ்யமும் அமுதக்கரைசலும் அதைத் தடுக்காது. தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்பது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஆய்வறிக்கையில்தான் தெரியும். அந்த அறிக்கையோ அரசு அலுவலகத்துக் கோப்பில் கிடக்கிறது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2018 ஏப்ரல் 9 அன்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஸ்டெர்லைட் தாமிர ஆலையின் இயக்க அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, ஆலையைச் சுற்றியுள்ள ஆழ்துளைக் கிணறுகளின் நிலத்தடி நீர் ஆய்வறிக்கைகளை நிறுவனம் கொடுக்கவில்லை. இன்னொன்று, உப்பாறு ஓடைக் கரையில் கொட்டிய தாமிரக் கசடை அகற்றவில்லை. அந்த மே மாதத் துப்பாக்கிச் சூட்டில் 13 உயிர்கள் போயின. மே 28-ல் ஆலையை நிரந்தரமாக மூட அரசாணை வந்தது. 2024 பிப்ரவரி 29 அன்று உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. இவ்வளவு பெரிய வழக்கிலும் அடிப்படைக் கேள்வி ஒன்றுதான்: தண்ணீரைச் சோதித்த தாள் எங்கே?

அந்தத் தாளைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. தமிழ்நாடு 1997-லேயே இதற்கு ஒரு சட்டம் போட்டது. நாடு முழுமைக்குமான தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடப்பில் இருக்கிறது. மனுப் போடத் தெரிந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர். பதில் வராவிட்டால், "அவங்க தர மாட்டாங்க" என்று விட்டுவிடுகிறவர்களும் அதே அளவு இருக்கிறார்கள். இந்தப் பாடம் அவர்களுக்காக.

முதலில் மனு சரியாக இருக்கட்டும்

மேல்முறையீடு நிற்பதும் விழுவதும் முதல் மனுவைப் பொறுத்தது. "எங்கள் தண்ணீர் ஏன் கெட்டது?" என்று கேட்டால் பதில் கிடைக்காது. அலுவலகத்தில் பதிவாக இருப்பதைத்தான் அவர்கள் தர வேண்டும். புதிதாகக் கருத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். இப்படி: "இன்ன கிராமத்தில் 2022 ஜனவரி முதல் இன்றுவரை வாரியம் எடுத்த நிலத்தடி நீர் மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல்கள்", "இன்ன ஆலைக்கு வழங்கிய இசைவாணையின் நகல்", "அந்த ஆலையை ஆய்வு செய்த அறிக்கைகளின் நகல்."

தமிழ்நாட்டு அரசு அலுவலகம் என்றால் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் சான்று இணைத்தால் அந்தக் கட்டணமும் கிடையாது. எதற்காகக் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கடற்கரையில் ஒரு குழப்பம் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், சிப்காட், வேளாண்மைத் துறை எல்லாம் மாநிலம். வ.உ.சிதம்பரனார் துறைமுகம் மத்திய அரசு. மாநில அலுவலகத்து மனு கடைசியில் சென்னையிலுள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகும். துறைமுகத்து மனு டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குப் போகும். தவறான இடத்துக்கு அனுப்பிவிட்டாலும் பயப்பட வேண்டாம். பிரிவு 6(3)-ன்படி, மனுவைப் பெற்ற அலுவலர் 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பி, நமக்கும் தெரிவிக்க வேண்டும்.

நாள் கணக்கு

மனு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 30 நாள். நாம் எழுதிய தேதி கணக்கில் வராது. அதனால்தான் ஒப்புகை கேட்டுத் தபாலில் அனுப்ப வேண்டும், அல்லது நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்க வேண்டும். அந்த ஒரு துண்டுச் சீட்டுத்தான் நம் சாட்சி.

நகல் கட்டணம் கட்டச் சொல்லி நடுவில் கடிதம் வந்தால், அந்தக் கடிதம் அனுப்பிய நாளுக்கும் நாம் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட நாட்கள் 30-ல் சேராது. ஆலை தானே கொடுத்த ஆவணத்தைக் கேட்டால், அது மூன்றாம் தரப்புத் தகவல் என்று சொல்லி ஆலையின் கருத்தைக் கேட்பார்கள். அப்போது கெடு 40 நாள். உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணி நேரம்.

கெடு முடிந்தும் பதில் இல்லையென்றால், பிரிவு 7(2)-ன்படி அது மறுத்ததற்குச் சமம். "இன்னும் பதில் வரலையே, எப்படி மேல்முறையீடு போடுறது?" என்று காத்திருக்கக் கூடாது. பதில் வராததே மேல்முறையீட்டுக்குக் காரணம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மனு ஜூன் 2 அன்று அலுவலகத்தில் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். கெடு ஜூலை 2. பதில் இல்லை. ஜூலை 3 முதல் ஆகஸ்ட் 1-க்குள் முதல் மேல்முறையீடு. ஜூலை 6 அன்று அது போய்ச் சேர்ந்தால், ஆகஸ்ட் 5-க்குள் முடிவு சொல்ல வேண்டும். காரணம் எழுதிவைத்து 45 நாள் வரை, அதாவது ஆகஸ்ட் 20 வரை, எடுத்துக்கொள்ளலாம். அப்போதும் மௌனம் என்றால் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அதற்கு 90 நாள் உண்டு. பாதுகாப்பாக ஆகஸ்ட் 5-லிருந்தே எண்ணி, நவம்பர் 3-க்குள் அனுப்பிவிடுங்கள். விதைப்பு நாளைக் குறிக்கிற அதே காலண்டரில் இந்தத் தேதிகளையும் குறித்து வையுங்கள்.

முதல் மேல்முறையீடு எழுதுவது எப்படி?

அதே அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு மேல்நிலையில் இருப்பவர்தான் மேல்முறையீட்டு அலுவலர். இதற்குக் கட்டணம் இல்லை. வக்கீலும் தேவையில்லை. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதலாம்:

"தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 19(1)-ன் கீழ் முதல் மேல்முறையீடு. நான் … தேதியிட்டு அனுப்பிய மனு, தங்கள் பொதுத் தகவல் அலுவலருக்கு … அன்று கிடைத்தது. ஒப்புகை நகல் இணைப்பில். 30 நாட்கள் கடந்தும் பதில் இல்லை. பிரிவு 7(2)-ன்படி இது மறுப்பாகும். கேட்ட ஆவணங்களை உடனே வழங்க உத்தரவிடுமாறும், கெடு தாண்டியதால் பிரிவு 7(6)-ன்படி கட்டணமின்றி வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். என்னை நேரில் விசாரிக்க வேண்டுகிறேன்."

இவ்வளவுதான். கோபம், குற்றச்சாட்டு, ஊர்க்கதை எதுவும் வேண்டாம். முதல் மனுவில் கேட்காத புது ஆவணத்தையும் இதில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அதைக் காரணம் காட்டித் தள்ளிவிடுவார்கள். பிரிவு 7(6)-ஐ மறக்க வேண்டாம். நகல் பக்கத்துக்கு 2 ரூபாய்; ஐந்து வருட அறிக்கை என்றால் நூற்றுக்கணக்கான பக்கம் வரும். தாமதித்தவர்கள் அதை இலவசமாகத் தர வேண்டும்.

பதில் வந்தும் பாதிதான் வந்திருக்கிறது, அல்லது "வணிக ரகசியம்" என்று மறுத்திருக்கிறார்கள் என்றாலும் இதே வழிதான். வணிக ரகசியத்தைக் காக்கும் பிரிவு 8(1)(ஈ)-யிலேயே, பெரிய பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்று இருக்கிறது. ஊர் குடிக்கிற தண்ணீரும் பயிருக்குப் பாய்கிற தண்ணீரும் பொதுநலன் என்று எழுதுங்கள். மறைக்க வேண்டிய பகுதி உண்மையிலேயே இருந்தால், அதை மட்டும் நீக்கி மீதியைத் தரச் சொல்கிறது பிரிவு 10.

இரண்டாம் மேல்முறையீடு

இது பிரிவு 19(3). முதல் மனு, ஒப்புகை, முதல் மேல்முறையீடு, அதன் ஒப்புகை, வந்த பதில் ஏதாவது இருந்தால் அது — எல்லாவற்றின் நகலையும் வரிசையாக இணைத்து அனுப்புங்கள். இங்கே நமக்குப் பெரிய பலம் பிரிவு 19(5): மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது. கேட்டது சரி என்று நாம் நிரூபிக்க வேண்டியதில்லை.

தகுந்த காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு, பிரிவு 20-ன்படி நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம் விதிக்கலாம். அந்தப் பணம் நமக்கு வராது. தாமதத்தால் நமக்கு நட்டம் இருந்தால், பிரிவு 19(8)(ஆ)-வைக் குறிப்பிட்டு இழப்பீட்டைத் தனியாகக் கேட்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மேல்முறையீட்டை விட்டுவிட்டு, பிரிவு 18-ன்கீழ் புகார் மட்டும் அனுப்புகிறவர்கள் உண்டு. மணிப்பூர் வழக்கில் 2011 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: புகாரின் மேல் ஆணையம் தண்டம் விதிக்கலாம், ஆனால் தகவலைத் தர உத்தரவிட முடியாது. அதற்குப் பிரிவு 19 மேல்முறையீடுதான் வழி. நமக்கு வேண்டியது தாள். ஆகவே மேல்முறையீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இதே தென்கரையில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பாதுகாப்பு ஆய்வறிக்கையையும் தள மதிப்பீட்டு அறிக்கையையும் சுப. உதயகுமார் கேட்டார், மறுத்தார்கள். அவர் ஆணையம் வரை போனார். 2012 ஏப்ரல் 30 அன்று மத்தியத் தகவல் ஆணையம் அவற்றைத் தர உத்தரவிட்டது. அணுசக்தி நிறுவனத்திடமே இப்படிக் கேட்க முடியும் என்றால், நம் ஊர்க் கிணற்று அறிக்கையைக் கேட்பதில் என்ன தயக்கம்?

காத்திருக்கும் காலத்தில்

ஆணையத்தில் விசாரணைக்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரை பயிர் காத்திருக்காது. எனவே மூன்று வேலை. ஒன்று, கிணற்று நீரை நாமே ஆய்வகத்தில் கொடுத்துச் சோதித்து, தேதியோடு அறிக்கையை வைத்துக்கொள்வது. இரண்டு, அலுவலகத்துக்கு நேரில் போய்க் கோப்பைப் பார்வையிடக் கேட்டு மனுப் போடுவது. பார்வையிடுவதும் குறிப்பெடுப்பதும் சட்டம் தரும் உரிமைதான். மூன்று, ஒரே ஆள் பேரில் போடாமல், ஊரில் நாலைந்து பேர் வெவ்வேறு ஆவணங்களைக் கேட்பது. ஒருவருக்கு நெருக்கடி வந்தாலும் வேலை நிற்காது.

இயற்கை வேளாண்மைச் சான்றுக்கு ஒருபோகப் பயிருக்கு இரண்டு வருடம், பலபருவப் பயிருக்கு மூன்று வருடம் மாறுதல் காலம் பார்க்கிறோம். அவ்வளவு பொறுமையாக மண்ணைத் திருத்துகிற நமக்கு, 30 நாள், 45 நாள், 90 நாள் என்று எண்ணத் தெரியாதா? மனுப் போட்டுப் பதில் வராமல் வீட்டில் கிடக்கிற ஒப்புகைச் சீட்டை இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். முதல் மேல்முறையீட்டுக்கான 30 நாள் தாண்டிப் போயிருந்தாலும், தாமதத்துக்குத் தகுந்த காரணம் எழுதினால் ஏற்றுக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதுவும் முடியாவிட்டால் 10 ரூபாய் வில்லை ஒட்டிப் புது மனுப் போடுவோம். இந்த முறை நாளை எண்ணிக்கொண்டே போடுவோம்.